ஊறுகாய்ச் சாடியில் ஒரு தவளை

என் சீதனச் சாமான்களில் எனக்கு உயிராக இருந்தது ஓர் ஊறுகாய்ச் சாடி. கழுத்துவரை வெள்ளை, கழுத்துக்கு மேலே மண்ணிறம், தூக்கினால் ஒரு வயதுப் பிள்ளையின் பாரம். அம்மா அதை வைக்கோல் சுற்றிச் சாக்கில் போட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதில் நான் ஒரு தேசிக்காயைக்கூட ஊறப்போடவில்லை. அதற்கு முன்னமே என் மனுசன் அதில் ஒரு தவளையைக் குடிவைத்துவிட்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. கலியாணம் முடிந்த கையோடு நாங்கள் வன்னியில், பரந்தனுக்குப் பக்கத்து முரசுமோட்டைக்கு வந்திருந்தோம். குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு வயல்காணியும், வீடு கட்ட ஒரு மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. அவர் ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவர். ஊரில் அவருடைய பங்குக்கு வரக்கூடியது வேலியும் வேலியின் நிழலும்தான். ஆகவே முரசுமோட்டை அவருக்குச் சொர்க்கம்.

எனக்கு அப்படி இல்லை. இரவானால் யானை, பகலானால் வெயில், இரண்டுக்கும் நடுவே நுளம்புக்கடி. அங்கே என் அக்காமாரும் மச்சாள்மாரும் கிணற்றடியில் கூடி நின்று ஊர்வம்பு அளக்க, இங்கே நான் மாட்டோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் வன்னி மாடு. பாதிக் கதையில் எழும்பிப் போய்விடும். "ஊருக்குப் போவம்" என்று நான் வாரத்தில் எல்லா நாளும் சொன்னேன். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.

அந்த ஆவணி மாதம் மாட்டுக்கொட்டிலுக்குக் கப்பு நடுவதற்காக அவர் அலவாங்கால் குழி தோண்டினார். நிலம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. முழங்கை ஆழத்தில் மண் கட்டியோடு உருண்டையாக ஒன்று வெளியே வந்து விழுந்தது. கிழங்கு என்றுதான் அவர் எடுத்தாராம். கை பட்டதும் கிழங்கு கோபித்துக்கொண்டு ஊதத் தொடங்கியது.

"இஞ்ச ஓடி வந்து பாரப்பா!" என்று கத்தினார். பாம்பாக்கும் என்று நான் உலக்கையோடு ஓடினேன்.

மண்ணுக்குள் வாழும் தவளை அது. மழைக்கு மட்டும் மேலே வந்து கத்தும், மற்ற நாளெல்லாம் நிலத்துக்குள் தவம் கிடக்கும். உடம்பு முழுக்க வயிறு. அதன் முன்னால் யாரோ மறந்துபோய்க் கடைசியில் ஒட்டிவிட்ட மாதிரி ஒரு சின்ன முகம். கீழே விட்டதும் அது எங்களையே பார்த்துக்கொண்டு, பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. வேண்டாத விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடியே பின்கதவால் நழுவுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அப்படி. இடுப்பளவு இறங்கியபோது அவர் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"இந்தக் காய்ஞ்ச மண்ணுக்குள்ள இது எப்பிடிச் சீவிக்குது பார். நீ என்னெண்டால் ஒரு வருசம் இருக்கமாட்டன் எண்டுறாய்."

"அது தவளை. நான் மனிசி."

மத்தியானம் சோறு போடும்போது நான் என் வழக்கமான பாட்டைத் திரும்பவும் எடுத்தேன். அவருக்கும் வெயில் தலையில் ஏறியிருந்தது. கையை உதறிவிட்டு எழும்பினார்.

"சரி. இந்தத் தவளையை வளர்ப்பம். மாரி மழை விழேக்குள்ள இது உயிரோட இருந்தால் நீ ஊர்க்கதையை விடவேணும். செத்துப்போச்செண்டால் நான் காணியைத் திருப்பிக் குடுத்திட்டு உன்னோட வாறன்."

"சத்தியமா?"

"பிள்ளையாராணைச் சத்தியம்."

பிள்ளையார்மேல் ஆணையிட்டால் அவர் மாறமாட்டார். சொல்லி முடிந்ததும் அவருக்கே முகம் கறுத்தது. ஊருக்குத் திரும்பினால் அண்ணன்மாரின் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் நுணல் வாயே திறக்கவில்லை, கெட்டவர் அவர்தான்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நான் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியதில்லை. அவருடைய கவனிப்பே போதும், தவளை பரலோகம் போய்விடும்.

ஏனென்றால் என் மனுசனுக்கு எதையும் வளர்க்க ஒரேயொரு முறைதான் தெரியும். அது புகையிலைக் கன்று வளர்க்கிற முறை. எங்கள் ஊரில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான். இலைகுழையை மண்ணுக்குள் தாழ்ப்பார்கள், எருப் போடுவார்கள், வெயில் படாமல் மறைப்புக் கட்டுவார்கள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டு, போதாது என்று திரும்பவும் ஊற்றுவார்கள். தண்ணீர் ஊற்றாத ஒரு நாள் அவர்களுக்குக் குளிக்காத நாள் மாதிரி.

முதலில் சாடி போனது. "ஆழமாயிருக்கு, குளிர்ச்சியாயிருக்கு, பாம்பும் ஏறாது" என்றார். சாடியைக் கொடுத்ததற்கே எனக்கு வயிறு எரிந்தது. அதற்குமேல், மல்லிகைக் கன்று நடுவதற்காக நான் ஊரிலிருந்து கொண்டுவந்த செம்மண் சாக்கையும் அவிழ்த்துவிட்டார். உலகத்தில் நல்ல மண் என்றால் அது யாழ்ப்பாணத்துச் செம்மண்தான், அதில் எதுவும் செழிக்கும் என்பது அவருடைய எண்ணம். வன்னித் தவளைக்கும் அதையே பிரயோசனப்படுத்தினார். பிறகு வாளியால் காலையிலும் ஊற்றினார், மாலையிலும் ஊற்றினார்.

சாடிக்கு அடியில் ஓட்டையா இருக்கிறது? சீக்கிரமே அது செம்மண் ரசம் ஆகிவிட்டது. அதன் மேலே தவளை நாலு காலையும் விரித்து, ஊதி உப்பி, கண்ணை மூடி மிதந்தது. அவர் வயலில் நின்றார். நான் சாடிக்குள் எட்டிப் பார்த்தேன். முடிந்தது, நாளைக்குப் பஸ் ஏறலாம் என்று மனம் துள்ளியது. அந்த நேரம் பார்த்து அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. ஒரு வேலையை ஆராவது பிழையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் ஏலாது. அகப்பையை எடுத்துவந்து தவளையைக் கோலிச் சுளகில் வைத்தேன். "சும்மா தற்செயலாக" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து, சாமான் கட்டிவந்த தேயிலைப் பெட்டி வந்தது. அடியில் ஆணியால் ஓட்டை போடச் சொன்னேன், போட்டார். பெட்டிக்கு உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்தது. தவளைக்கு மூச்சு முட்டும் என்று அதை உரித்து எறிந்தார். அது ஏன் ஒட்டியிருக்கிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. பிறகு அவர் பூவரசங்குழை வெட்டிவந்து பெட்டியின் அடியில் தாழ்த்தார். அதற்குமேல் மாட்டெரு. அதற்குமேல் மண். அதற்குமேல் தண்ணீர்.

"இஞ்சருங்கோ, தவளைக்கு ஏன் எரு?"

"எருவில்லாமல் என்னப்பா வளரும்?"

குழை அழுகிச் சூடு கிளம்பியது. வீடே நாறியது. தவளை மண்ணுக்குள் இறங்கப் பார்த்துச் சுட்டுக்கொண்டு, பெட்டியின் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நல்லகாலம், தவளைக்கு நுனி என்று ஒன்று இல்லை. இருந்திருந்தால் புகையிலைக்குக் கிள்ளுவது போல அதையும் கிள்ளி விட்டிருப்பார். சாப்பாட்டுக்கு அவர் வைத்தது சோறும் பருப்பும். அது தொடாததைக் கண்டு, உறைப்பில்லை போலும் என்று கொஞ்சம் மிளகுரசம் ஊற்றினார்.

அன்றைக்கு நான் பொங்கிவிட்டேன்.

"எல்லாத்தையும் கொட்டுங்கோ! இது ஒண்டும் உங்கட அண்ணைமாற்ற தோட்டமில்லை! அது எந்தக் குழியிலயிருந்து வந்ததோ அந்தக் குழி மண்ணைக் கொண்டு வாங்கோ!"

அவர் கொட்டில் பக்கம் போய், கடகத்தில் மண் அள்ளி வந்தார். நான் கட்டிகளை உடைத்து, வாய்க்கால் மணலையும் கலந்து, பெட்டியில் முக்கால்வாசி போட்டேன். அழுத்தவில்லை. தவளை தோண்டப் பொலபொலவென்று இருக்க வேண்டும் அல்லவா. தண்ணீர் ஊற்றும் உரிமையை அவரிடமிருந்து பறித்தேன். ஒரு மூலையில் மட்டும் ஊசித் துவாரம் போட்ட சிரட்டையைப் புதைத்து அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். அது ஊறி ஊறி அந்த மூலை ஈரமாக இருந்தது, மற்ற மூலை காய்ந்திருந்தது. எது வேண்டுமோ அதைத் தவளையே தெரிவுசெய்யட்டும். விட்ட உடனே அது பின்பக்கமாக இறங்கி, கண் இரண்டும் மட்டும் வெளியே தெரிய ஈர மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவில் குந்திக்கொண்டது. அப்படியொரு நிம்மதியான முகத்தை நான் முரசுமோட்டைக்கு வந்தபிறகு ஒருவரிடமும் கண்டதில்லை.

சாப்பாட்டையும் அதுவே காட்டித்தந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு கறையான் ஊர்ந்தது. தவளையின் நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, கறையானைக் காணவில்லை. அதற்குப் பிறகு பின்னேரங்களில் நான் வேலியோரப் புற்றில் ஒரு துண்டை உடைத்துவந்து பெட்டிக்குள் உதிர்ப்பேன். வன்னியில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கறையானுக்குப் பஞ்சம் வராது. அது தின்னும்போது நான் பக்கத்தில் இருந்து கதைப்பேன். மாட்டைப்போல எழும்பிப் போகாது. மச்சாள்மாரின் கதை முழுவதும் அதற்குத் தெரியும்.

"நீ தோக்கிறதுக்கு நல்லாப் பாடுபடுறாய்" என்று அவர் ஒருநாள் சிரித்தார்.

"நான் தோக்கேல்லை. அது தானாச் சாகட்டும். உங்கட பிழையால சாகக்கூடாது" என்றேன். சொல்லும்போது எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

பெட்டி இருந்த இடம் எங்கள் ஒரே அறையின் மூலை, சாணகம் மெழுகிய மண்தரை. வெளியே வைத்தால் கோழி கொத்தும், பாம்பு விழுங்கும். பக்கத்தில் என் தகர றங்குப்பெட்டி. என் பேச்சுக்குப் பலமாக இருக்கட்டும் என்று அதற்குள் என் சீலைகளை எல்லாம் மடித்து அடுக்கி, பயணத்துக்கு ஆயத்தமாக வைத்திருந்தேன். தேயிலைப் பெட்டியும் றங்குப்பெட்டியும் அருகருகே இருந்தன. அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்.

தேயிலைப் பெட்டிக்கு மூடி தந்தவர் முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணை. கிழிந்த வலையில் ஒரு துண்டு தந்தார். தவளைக்கு உப்பு ஆகாது என்று நான் அதை ஊறவைத்து, கடல் மணம் போகும்வரை கசக்கிக் கழுவிப் பெட்டிக்கு மேலே கட்டினேன். மீன்கார அண்ணை அதைப் பார்த்து, "சேசுவே, என்ர வலை பிடிக்காத சாமான் இது ஒண்டுதான்" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அதன்பின் எங்கள் படலையில் சைக்கிள் மணி அடித்ததும் முதற்கேள்வி, "தங்கச்சி, பிள்ளை எப்பிடி?" என்பதுதான்.

அந்த மனிதர் பகிடியை எங்கள் படலையோடு விட்டிருக்கலாம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். விசுவமடுவில் எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் பிள்ளைப்பெற்றவர்களுக்கு இடித்த சரக்குத்தூள், மறுகையில் பால்சுறாக் கருவாடு. சுறாவை விற்றதும் அதே மீன்காரர்தான்.

"எங்க பிள்ளை? சொல்லாமல் கொள்ளாமல் பெத்துப்போட்டியே!"

அவர் என் வயிற்றைப் பார்த்தார், தொட்டிலைத் தேடினார். என் மனுசன் வலையை விலக்கினார். பெரியம்மா குனிந்து பார்த்தார். தவளை ஊதியது. அவர் பின்னால் கிடந்த கதிரையில் விழுந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். "ஆரின்ர சாயல் எண்டு கேக்கமாட்டன்" என்றார். பிறகு தானும் சிரித்தார். போகும்போது சரக்குத்தூளைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. நாங்கள் சுறாவைச் சரக்கு வைத்துத் தின்றோம். பிள்ளை பெறாமலே எனக்கு அது நல்லாய்ச் செமித்தது.

புரட்டாசியில் அவர் நெல்லைப் புழுதியிலேயே விதைத்தார். மழை வந்து முளைக்கவேண்டும். அந்த நாட்களில்தான் தவளை ஒருநாள் கண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு முழுதாக இறங்கியது. திரும்ப வரவில்லை. கறையானைப் போட்டேன், வரவில்லை. அவர் பெட்டியில் காதை வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் கரண்டியோடு வந்தார்.

"ஒருக்காக் கிண்டிப் பாப்பமே?"

"விதைச்ச நெல்லைக் கிண்டிப் பாக்கிறனியளே? அது கிடக்கட்டும்."

கரண்டியை வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் நானும் போகவர வலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்னேரத்தில் கதைக்க ஆள் இல்லாமல் போனது. வெறும் மண்ணைப் பார்த்து மச்சாள்மாரின் கதையைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருக்கும்! சொன்னேன்தான்.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம், கறுத்து, காற்றடித்து, கொட்டு கொட்டென்று கொட்டியது. அவர் முற்றத்தில் நின்று சாரத்தோடு நனைந்து ஆடினார். வாய்க்கால் பக்கமெல்லாம் தவளைகள் கத்தின. எல்லாத் தவளையும் கத்தின. எங்கள் பெட்டி மட்டும் கத்தவில்லை.

ஆடினவர் மெல்ல நின்றார். உள்ளே வந்து வலையை அவிழ்த்தார். முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். பிறகு பெட்டியைத் தூக்கினார். பெட்டி வந்தது, அடிப்பலகை வரவில்லை. அது கறையான் தின்று மாவாகியிருந்தது. மண் முழுவதும் பொத்தென்று நிலத்தில் கொட்டியது. இரண்டு பேரும் குந்தியிருந்து அந்த மண்ணை அரிசி கொழிப்பது போலக் கொழித்தோம். தவளை இல்லை.

தவளை தின்னட்டும் என்று நான்தான் கறையானைப் போட்டேன். இப்போது கறையான் தவளையைத் தின்றுவிட்டதோ?

"காணேல்லை எண்டால் செத்ததெண்டு அர்த்தமில்லை" என்றேன்.

"உயிரோட கிடக்கெண்டும் அர்த்தமில்லை."

"நீங்கள் என்ன, எனக்காகப் பேசுறியளோ?"

"பிள்ளையாராணை எண்டு சொன்னனான். மழை விழுந்திட்டுது, தவளை இல்லை." அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நாளைக்கு மற்றநாள் காணிக் கந்தோருக்குப் போய்க் காணியைத் திருப்பிக் குடுக்கிறன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் வென்றுவிட்டேன். அத்தனை நாள் ஆசைப்பட்ட வெற்றி, உப்புப் போடாத கஞ்சி மாதிரி வாயில் கிடந்தது. அடுத்த நாள் முழுக்க மழை. அவர் வயலுக்குப் போகவில்லை. முளைக்கப்போகிற நெல்லைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. நான் கொட்டிய மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு, வேறு செய்ய ஒன்றுமில்லாமல் றங்குப்பெட்டியைப் பூட்டினேன்.

பொழுதுபடுகிற நேரம், வெறும் பானையைக் கையால் அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. திரும்பவும் வந்தது. என் றங்குப்பெட்டிக்குள் இருந்து.

"பெட்டிக்குள்ள!" என்று அவர் பாய்ந்தார். நான் பூட்டைத் திறந்தேன். கூறைச்சீலையை எடுத்து உதறினார். சத்தம் நின்றது. மற்றச் சீலைகளை உதறினார், சத்தம் தொடங்கியது. சட்டை, துவாய், அம்மா தந்த வெள்ளிச் செம்பு, சீப்பு, எல்லாம் அறை முழுக்கப் பறந்தன. பெட்டி காலி. காலிப் பெட்டிக்குள் இருந்தும் சத்தம் வந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒன்றாக மூளை வேலை செய்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கினோம்.

கீழே நிலம் தோசைபோல் வெடித்து உயர்ந்திருந்தது. அந்த வெடிப்பின் நடுவில், தலையில் ஒரு சில்லுச் சாணகத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு, என் தவளை. கறையான் தின்ற ஓட்டையால் நிலத்துக்குள் இறங்கி, இந்தப் பக்கம் வந்திருக்கிறது. மெலிந்துகூடப் போகவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்தது, ஊதியது, கத்தியது. பிறகு என் கூறைச்சீலைக்கு மேலாக ஏறி இறங்கி, திறந்த கதவால் மழைக்குள் போனது. சொல்லிக்கொள்ளவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவர் அப்படியே நிலத்தில் இருந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்க எனக்குக் கோபம்தான் கைவசம் இருந்தது.

"போன வெள்ளி மெழுகின நிலம்! பாருங்கோ, எப்பிடிக் கிளப்பி வைச்சிருக்கெண்டு!"

சீலைகள் கிடந்தபடி கிடக்க, நான் மழையில் நனைந்து கொட்டிலுக்கு ஓடி ஒரு கடகம் சாணகத்தோடு வந்தேன். குந்தியிருந்து கரைக்கத் தொடங்கினேன். அவர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார்.

"என்னப்பா, ஊருக்குப் போறவை நிலம் மெழுகிறவையே?"

"வாயை மூடிக்கொண்டு ஒரு வாளி தண்ணி அள்ளி வாங்கோ."

அவர் வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்தார். நான் அறை முழுவதையும் மெழுகினேன். தவளை வந்த ஓட்டையை மட்டும் மூடாமல், சுற்றிவர விட்டு மெழுகினேன். மாரி முடிய அதற்குத் திரும்பி வர வழி வேண்டும் அல்லவா.